பூஜையன்று ஓய்ந்த கை

என் மகள் பூவிழிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று எங்கள் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அது தவறு. ஏழு வயதில் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னும் நாலு பொய் வேண்டியிருக்கிறது, பெரிய தொல்லை என்று விட்டுவிட்டாள். எங்கள் வீட்டில் பொய் சொல்லத் தெரிந்தவன் நான்தான். அதனால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

என் பெயர் சென்னியப்பன். காளப்பட்டியில் உள்ள நரம்புத் துளிர் ஆய்வகத்தில் பராமரிப்பு எலக்ட்ரீஷியன், இருபத்திரண்டு வருட சர்வீஸ். கோயமுத்தூரில் பிறந்தவன் மோட்டார் சத்தத்தைக் கேட்டே பேரிங் போனதா காயில் கருகியதா என்று சொல்ல வேண்டும். நான் சொல்வேன். அதே ஆய்வகத்தில் பூவிழி ஆறு வருடமாக டெக்னீஷியன். என் சிபாரிசு ஒன்றும் இல்லை. தேர்வு எழுதி முதல் இடத்தில் வந்தாள். இதைப் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடச் சொல்லிவிடுவேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

மூன்று வயதில் அவளுக்கு ஆட்டிசம் என்றார்கள். கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விடுவாள். சாப்பாட்டில் சாம்பார் ரசத்தைத் தொட்டால் அந்த இலையையே தள்ளிவிடுவாள். அந்த நாட்களில் ஒரு ஊசியில் இதைச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொல்லியிருந்தால் வாசலில் படுத்துக் கிடந்து வாங்கியிருப்பேன். இதை மறைத்துப் பேசினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

எங்கள் ஆய்வகத்தில் அப்படி ஒன்றைத்தான் கண்டுபிடித்தார்கள், ஊசியாக அல்ல, கர்ப்பத்திலேயே தாய் சாப்பிடும் மாத்திரையாக. பெயர் 'சமன்'. கண்டுபிடித்தவர் டாக்டர் நிலோஃபர். பன்னிரண்டு வருட உழைப்பு.

வேலை நடக்கும் விதம் இதுதான். ஒருவர் கையிலிருந்து துளி தோலை எடுத்து, அந்தச் செல்லை மறுபடி கருவில் இருந்த பருவத்துக்குத் திருப்பி, கிண்ணத்தில் மூளைத் துளிராக வளர்ப்பார்கள். மிளகு அளவில் தொடங்கி கொண்டைக்கடலை அளவுக்கு வரும். அது நினைக்காது, அதற்கு வலிக்காது. ஆனால் கருவில் மூன்றாம் மாதம் மூளை எதைச் செய்யுமோ அதைச் செய்யும். அதற்கு நாள் தவறாமல் சத்துநீர் ஊற்றிப் பார்த்துக்கொள்வது பூவிழியின் வேலை. மருந்தை மட்டும் ஓர் இயந்திரக் கை கொடுக்கும், ஏனென்றால் அளவு அவ்வளவு நுணுக்கம். அதை நாங்கள் ஊட்டுகை என்போம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் பூஜை என்றால் லேத்து, டிரில்லிங் மிஷின், தறி, ஆட்டோ எல்லாவற்றுக்கும் அன்று ஓய்வு. கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டுவிட்டால், மறுநாள் மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. என் அப்பன் பவுண்டரியில் அப்படித்தான் செய்தார். நானும் ஆய்வகத்தில் வருடா வருடம் செய்வேன். துளிர் இருக்கும் சூட்டுப் பெட்டிகளை அணைத்தால் எல்லாம் செத்துப்போகும் என்று எனக்குத் தெரியும்; அவ்வளவு முட்டாள் இல்லை. ஊட்டுகையை மட்டும் அணைத்தேன். முந்தின வருடங்களில் அந்தக் கை ஒத்திகையாகக் கொஞ்சம் சத்துநீர் மட்டும்தான் கொடுத்துக்கொண்டிருந்தது, ஒரு நாள் நின்றால் ஆட்கள் ஊற்றிவிடுவார்கள். இந்தத் தடவை அது சமனைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாலை போட்டு, சாம்பிராணி காட்டி, எல்லோருக்கும் பொரி கடலை கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான்கு நாள் கழித்து, மருந்து வாங்கிய நாற்பத்தெட்டுக் கிண்ணங்களில் முப்பத்தொன்றில் துளிர்கள் வலிப்பு வந்ததுபோல் துடித்தன. செல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மின்சாரம் அடித்து, அடித்து, ஓய்ந்துபோயின. நிலோஃபர் அம்மா முகம் வெளுத்து வந்து, பூஜையன்று ஏதாவது அணைத்தீர்களா என்று கேட்டார். அணைத்ததைச் சொன்னால் வேலை போய்விடும். ஓய்வு பெற மூன்று வருடம்தான் பாக்கி.

இல்லைங்க என்றேன். அப்படியானால் என்ன நடந்தது என்றார். சூட்டுப் பெட்டிக் கதவையெல்லாம் திறந்து உள்ளேயும் கொஞ்சம் சாம்பிராணி காட்டினேனுங்க என்றேன். பூவிழி ஏழு வயதில் கண்டுபிடித்தது எனக்கு ஐம்பத்தைந்தில்தான் புரிந்தது: ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்று. கணினியைப் பார்த்தார்கள். அது ஊட்டுகைக்குக் கட்டளை அனுப்பினாலே 'கொடுக்கப்பட்டது' என்று எழுதிக்கொள்ளும். கை அசைந்ததா என்று பார்க்காது. ஆக மருந்து போயிருக்கிறது, புகைதான் கெடுத்திருக்கிறது என்று முடிவானது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்த நாற்பத்தெட்டுக் கிண்ணங்களும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன.

ஒரு வருடம் ஓடியது. சமனை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கேட்டார்கள். முதலில் இருபது கர்ப்பிணிகள். அந்தப் பட்டியலில் ஆறாவது பெயர் ஹர்ஷினி, என் மருமகள்.

என் மகன் கவினும் அவளும் அஞ்சு வருடம் குழந்தைக்குக் காத்திருந்தார்கள். பத்தாம் வாரத்தில் சோதித்ததில், பூவிழிக்கு இருக்கும் அதே மரபணு மாற்றம் குழந்தைக்கும் இருப்பது தெரிந்தது. கவின் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பட்டியலில் பெயர் கொடுத்ததைச் சொன்னான். சொல்லும்போது தங்கையின் அறைப் பக்கம் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. வாசலில் படுத்துக் கிடந்திருப்பேன் என்று சொன்ன ஆளுக்கு எதற்குக் கோபம் வரவேண்டும்? ஆனாலும் வந்தது. பூவிழிக்கோ விஷயம் முன்பே தெரியும். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்போம். நங்கையின் வயிறு, நங்கையின் முடிவு என்று சொல்லிவிட்டு அவள் தோசையைச் சட்னியில் படாமல் தள்ளி வைத்தாள்.

அனுமதி கொடுக்கலாமா என்று பார்க்கும் பொது விசாரணைக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். விண்ணப்பம் தொள்ளாயிரம் பக்கம். முழுவதையும் படித்தவர்கள் நாட்டில் எத்தனை பேரோ, அதில் அவள் ஒருத்தி.

"பதினாலாம் பக்கத்துல, நாப்பத்தெட்டுக் கிண்ணமும் புகையால கெட்டுச்சுன்னு போட்டிருக்குதுங்கப்பா. அது தப்பு. மருந்து குடுக்காத கிண்ணமெல்லாம் அதே ரூம்ல பக்கத்துப் பொட்டியில இருந்துச்சு. அதுக்கு ஒண்ணும் ஆகல."

நான் அதுக்கென்ன இப்போ என்று இழுத்தேன். அவள் தன் பணி நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்தாள். ஒவ்வொரு மாதமும் எழுதிப் பதிவறையில் கொடுத்துவிடும் நோட்டு, கேட்டு வாங்கி வந்திருந்தாள்; அங்கே படித்திருப்பார்கள் என்று அவள் நம்பியிருந்தாள், யாரும் புரட்டியதில்லை. தேதி இருந்தது. கீழே அவளுடைய சதுர எழுத்து: 'ஊட்டுகை அணைவு, காலை 11.10. மாலை போட்டிருக்கிறது. மருந்து இல்லை. மறுநாள் 10.25க்கு மீண்டும் இயக்கம்.' அடுத்த கட்டத்தில் 'அணைத்தவர்' என்று அச்சடித்திருந்தது. அந்த இடம் காலியாக இருந்தது.

நான் அணைத்ததைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தேன் என்றாள். பிறகு ஏன் காலியாக விட்டாய் என்றதற்கு, அது நீங்கள் சொல்ல வேண்டியது, கேட்டு நிரப்புமுன் டாக்டரிடம் வேறு மாதிரி சொல்லிவிட்டீர்கள், அதனால் விட்டேன் என்றாள்.

மருந்து ஒரு நாள் நின்றால் அப்படி என்ன வந்துவிடும் என்று கேட்டேன். உண்மையில் கேட்கவில்லை, தப்பிக்கப் பார்த்தேன். அவள் பொறுமையாகச் சொன்னாள்.

"மூளையக் கட்டற செல்லுக ஒண்ணுக்கொண்ணு சேதி குடுத்துக்கிட்டே இருக்கும். எப்பப் பெருகோணும், எங்க போயி உக்காரோணும்னு. அப்பறம் 'போதும், நில்லு'ன்னு ஒரு சேதி வரோணும். நூத்துக்கணக்கான மரபணுவுல எது மாறினாலும் ஆட்டிசம் வரலாம். நம்ம குடும்பத்துல மாறினது அந்த 'நில்லு'ங்கற சேதிய அனுப்பறது. அது பிந்தி வரும், ஆனா வரும். மூளை வேற மாதிரி அமையும், அவ்வளவுதான். சமன் அந்தச் சேதியத் தானே முன்னாடி சொல்லிருது."

"நல்லதுதானே கண்ணு?"

"மருந்து சொல்லீட்டு இருந்தா செல்லு தன்னோட சேதிய அடியோட நிறுத்திக்குதுங்கப்பா. திடீர்னு மருந்து வரலீன்னா சொல்றதுக்கு ஆளே இல்ல. எல்லா செல்லும் ஒரே நேரத்துல கத்தும். வகுத்துக்குள்ள அது நடந்தா குழந்தைக்கு வலிப்பு. பொழைக்கறதே கஷ்டம்."

மகன் சமைக்கத் தொடங்கியதும் அடுப்படிப் பக்கமே போகாமல் விட்ட என் வீட்டுக்காரியை நினைத்துக்கொண்டேன். அவன் வெளியூர் போன அன்று வீடே பட்டினி. விளங்கிவிட்டது. ஆனாலும், எந்தத் தாய் மருந்தை மறப்பாள், தினமும் காலையில் ஒரு மாத்திரைதானே என்றேன்.

"நங்கை சஷ்டி விரதம் இருப்பாங்க."

நான் சுவர் காலண்டரைத் திரும்பிப் பார்த்தேன். குழந்தை தங்கினால் ஐப்பசியில் சூரசம்ஹாரத்தன்று பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டேன் என்று ஹர்ஷினி மருதமலையில் நேர்ந்துகொண்டவள். விரதநாளில் மாத்திரை போட எங்கள் வீட்டுப் பெண்களை அந்த முருகனே வந்து சொன்னாலும் சம்மதிக்க வைக்க முடியாது. நான் இயந்திரத்துக்கு விட்ட ஓய்வை அவள் தன் வயிற்றுக்கு விடப்போகிறாள். சஷ்டிக்கு இன்னும் மூன்று வாரம்.

நிலோஃபர் அம்மாவுக்கு நோட்டைப் படம் பிடித்து அனுப்பியாயிற்று என்றாள். இரண்டே வரியில் பதில் வந்திருந்தது. விசாரணையில் சொல், நான் தடுக்கமாட்டேன். ஆனால் கணினிப் பதிவுக்கு எதிரே உன் நோட்டு மட்டும் நிற்காது, கை அணைந்திருந்ததைச் சொல்ல வேறு ஆள் உண்டா என்று கேட்டிருந்தார். அதைப் படித்துக் காட்டிவிட்டு பூவிழி எழுந்து போய்விட்டாள். வாருங்கள் என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

விசாரணை அவினாசி சாலையில் ஒரு மண்டபத்தில். ஐந்து பேர் குழு, தலைமை ஒரு வயதான டாக்டர் அம்மா. பட்டியலிலிருந்த பெண்கள் முதல் வரிசையில். ஹர்ஷினியும் கவினும் அதில் இருந்தார்கள். நான் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில். பூவிழி காதில் சத்தத்தைக் குறைக்கும் கருவி மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் மைக் முன்னால் நின்றாள். விரல்கள் சட்டையின் ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தன. சின்ன வயதில் அந்த விரலைப் பிடித்து நிறுத்து நிறுத்து என்று எத்தனை முறை அதட்டியிருப்பேன். அன்று திருகு கண்ணு, நன்றாகத் திருகு என்று மனசுக்குள் சொன்னேன்.

அவள் பேசத் தொடங்குமுன் தலைவி ஒன்று கேட்டார். நீங்கள் ஆட்டிசம் உள்ளவர், இந்த மருந்து வந்தால் உங்களைப் போன்றவர்கள் பிறக்கமாட்டார்கள் என்பதால் எதிர்க்கிறீர்களா என்று கனிவாகத்தான் கேட்டார். மண்டபம் முழுக்க அந்தப் பரிதாபம் பரவியது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அதப் பத்தி எனக்கு ஒரு கருத்து இருக்குதுங்க. ஆனா இந்த விண்ணப்பத்துல அந்தக் கேள்வி இல்லீங்க," என்றாள் பூவிழி. "மருந்து வேணுமா வேண்டாமான்னு அந்தந்த அம்மா சொல்லட்டும். நான் சொல்ல வந்தது பதினாலாம் பக்கம்."

ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பக்கத்தைப் புரட்டினார்கள். அந்தக் காகிதச் சத்தத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

ஏழு நிமிடத்தில் சொல்லி முடித்தாள். சமனைத் தயாரிக்கப்போகும் மருந்து நிறுவனத்தின் வக்கீல் எழுந்தார். கணினி 'கொடுக்கப்பட்டது' என்கிறது, ஒரு ஊழியரின் நோட்டு 'இல்லை' என்கிறது, அணைத்தவர் பெயரைக்கூட எழுதாத நோட்டை எப்படி நம்புவது என்றார். யார் அணைத்தது என்று தலைவி கேட்டார்.

"தெரியுமுங்க. ஆனா அத நான் சொல்றதில்ல, அவர் சொல்லோணும்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் முகம் பார்க்கிற பிள்ளை இல்லை. ஆனால் முதல் வரிசையில் ஹர்ஷினி வயிற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது. கதவு இரண்டடி தூரம்தான். எழுந்தேன். கால் கதவுப் பக்கம் போகவில்லை என்பதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வேன்.

"நான்தானுங்க அணைச்சது," என்றேன். மைக் இல்லாமலேயே மண்டபம் முழுக்கக் கேட்டது. "ஆயுத பூஜைக்கு. புகை காட்டினேன்னு சொன்னது பொய்யிங்க. கதவத் திறக்கவே இல்ல. என்ற புள்ள எழுதுனதுதான் நெசம்."

யாரோ சிரித்தார்கள். உலகத்தரமான ஆய்வகத்தில் இயந்திரத்துக்கு மாலை போட்ட கதை என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். நான் பொருட்படுத்தவில்லை.

வக்கீல் லேசில் விடுகிற ஆள் இல்லை. சரி, மருந்து நின்றது என்றே வைத்துக்கொள்வோம் என்று புது வழியில் வந்தார். இந்த நாற்பத்தெட்டுத் துளிரும் ஏழாம் எண் தோல் கொடையாளரின் செல்லிலிருந்து வளர்ந்தவை. அவர் யார் என்று ஆய்வகத்துக்கே தெரியாது, அதுதான் விதி. ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு இயல்பாகவே வலிப்பு நோயும் உண்டு. ஏழாம் எண்காரருக்கும் இருக்கலாம். அப்படியானால் துடித்தது அவருடைய மூளையின் சுபாவம், மருந்தின் குற்றமில்லை. கேட்கக் கச்சிதமாக இருந்தது. குழுவில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். நிலோஃபர் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

பூவிழி கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை உறையைத் திறந்தாள். உள்ளே, ஆபீஸ் அட்டைக்குப் பின்னால், மங்கிப்போன ஒரு பச்சை அட்டை இருந்தது. தோல் கொடுத்தவர்களுக்கு மட்டும் தரும் அட்டை. அதைத் தலைவியின் மேஜையில் வைத்தாள்.

"ஏழாம் நம்பர் நான்தானுங்க. எனக்கு இருவத்தாறு வயசு. ஒரு தடவைகூட வலிப்பு வந்ததில்ல. எப்ப வேணா சோதிச்சுப் பாத்துக்கலாம்."

தலைவி அட்டையைத் திருப்பி, எண்ணைச் சத்தமாகப் படித்தார். முதலில் எழுந்தது நிலோஃபர் அம்மா. தன் விண்ணப்பத்தைத் தானே திரும்பப் பெறுவதாகச் சொன்னார். பன்னிரண்டு வருட உழைப்பை ஒரே வாக்கியத்தில் இறக்கி வைத்தார். குரல் நடுங்கியது, ஆனால் வாக்கியம் உடையவில்லை. அவர்மேல் எனக்கு இருந்த மரியாதை அன்று இரட்டிப்பானது.

ஆறு வருடமாக என் மகள் தன் மூளைத் துளிருக்குத் தானே சோறூட்டியிருக்கிறாள். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் கண்ணு சொல்லவில்லை என்று வெளியே வந்ததும் கேட்டேன். நீங்கள் கேட்கவில்லையே என்றாள். அந்தத் துளிர்கள் துடித்துச் செத்தபோது உனக்கு எப்படி இருந்தது என்று கேட்டேன். சட்டையின் ஓரத்தைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"நேரத்தச் சரியா எழுதோணும்னு இருந்துச்சுங்கப்பா."

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. மண்டபத்துப் படியில் உட்கார்ந்து அழுதேன். அவளுக்குத் தொடுவது பிடிக்காது. பக்கத்துப் படியில் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, நான் முடிக்கும்வரை காத்திருந்தாள். ஹர்ஷினி வந்து அவளுக்கு அந்தப் பக்கம், அதே ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். நான் பட்டியலில் பேர் கொடுத்தது உனக்குக் கஷ்டமாக இருந்ததா என்று கேட்டாள். பூவிழி ஆமாம் என்றாள். ஹர்ஷினி தலையைக் குனிந்துகொண்டாள். சஷ்டிக்கு மாத்திரையே இல்லை, இனி நிம்மதியாக விரதம் இருக்கலாம், ஆனால் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று பூவிழி சொன்னாள். தண்ணீர் விஷயத்தில் முருகனிடம் ஹர்ஷினி எப்படி சமாதானம் பேசினாள் என்று எனக்குத் தெரியாது. குடித்தாள்.

எனக்கு மூன்று மாதம் சஸ்பென்ஷன் கிடைத்தது. நியாயம்தான். குழந்தை சித்திரையில் பிறந்தது, பெண். அத்தையைப் போல வருமா வேறு மாதிரி வருமா என்று யாருக்கும் இன்னும் தெரியாது. தெரியும்போது தெரியட்டும். இப்போதைக்கு மிக்ஸி சத்தம் கேட்டால் வீறிடுகிறாள், அத்தை உடனே எழுந்து போய் மிக்ஸியை அணைக்கிறாள்.

மருந்தும் செத்துப்போகவில்லை. ஒரு நாள் விட்டாலும் ஆபத்து வராதபடி நிலோஃபர் அம்மா அதை முதலிலிருந்து செய்துகொண்டிருக்கிறார். வேண்டும் என்கிற தாய் வாங்கிக்கொள்வாள், வேண்டாம் என்கிறவள் விட்டுவிடுவாள். ஆனால் இனி எந்த நாட்டில் இந்த மாதிரி மருந்தைச் சோதித்தாலும் ஒரு நாள் அதை நிறுத்திப் பார்த்தாக வேண்டும் என்று விதி வந்துவிட்டது. விதிப்புத்தகத்தில் அதற்கு நீளமான ஒரு பெயர் இருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் பூஜை நாள் சோதனை என்கிறோம். வெளிநாட்டிலிருந்து வரும் விஞ்ஞானிகளும் இப்போது அப்படியே சொல்கிறார்கள், உச்சரிப்பைத்தான் கொஞ்சம் கடித்துத் துப்புகிறார்கள்.

இந்த வருடம் ஆயுத பூஜையன்று நிலோஃபர் அம்மா என்னை முறைப்படி கடிதம் கொடுத்து அழைத்தார். ஊட்டுகையைத் துடைத்தேன். சந்தனம் குங்குமம் வைத்தேன். மாலை போட்டேன். எல்லோரும் சுற்றி நிற்க, சுவிட்சை அணைத்தேன்.

பூவிழி கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதினாள். பிறகு பையிலிருந்து பழைய நோட்டையும் எடுத்தாள். விசாரணைக் குழு முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்திருந்த நோட்டு. இரண்டிலும் 'அணைத்தவர்' என்ற கட்டத்தை நிரப்பிவிட்டு, பழைய நோட்டில் பக்கத்திலேயே இன்றைய தேதியையும் போட்டாள். சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று என்னிடம் நீட்டினாள்.

சதுர எழுத்தில் எழுதியிருந்தாள்: 'சென்னியப்பன். என் அப்பா. அவரே சொன்னார்.'